எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1924-ஆ, 1962-ஆ?

கேள்வி: 2025 பிப்ரவரி 2

செய்யாறு பக்கம், ஏரிக்கரையோரம் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நூறு வருஷம் கண்ட அரசுப் பள்ளிகளுக்கு விழா எடுக்கிறார்களே, நம் பள்ளியும் 1924-இல் ஆரம்பித்ததுதான் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் முகப்பில் 1962 என்று சிமென்டில் எழுதியிருக்கிறது. எது சரி? யாரிடமாவது ஆதாரம் இருக்கிறதா?

பிப்ரவரி 2, இரவு

நான் 1980 முதல் 85 வரை அங்கே படித்தவன். 1962-ஐத் தூக்கிப் போடுங்கள். அது கட்டடத்தின் வயது. 1958-இல் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. 1960, 61 வாக்கில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஜில்லா போர்டு நடத்திக்கொண்டிருந்த பள்ளிகள் ஒன்றியத்தின் கைக்குப் போயின. புதிதாக வந்த சேர்மன் ஒரு கட்டடத்தைக் கட்டி, தலையில் வருஷத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அதற்கு முன்னால் பள்ளிக்கூடமே இல்லையென்றால் எங்கள் தாத்தா எங்கே போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார்? எங்கள் ஆயா கடைசிவரை அதை 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொன்னார். 'யூனியன்' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

1924 சரியாகத்தான் இருக்கும். கொண்டாடுங்கள்.

பிப்ரவரி 4

பழைய ரெக்கார்டு ஷீட்டில் ஆரம்பித்த வருஷம் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். 1985-இல் நான் வாங்கியதைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வருஷம் இல்லை. ஆனால் முத்திரை வேடிக்கை. என்னுடையதில் வட ஆற்காடு மாவட்டம். தம்பி 1990-இல் வாங்கியதில் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். ரப்பர் ஸ்டாம்பில் இடம் போதாமல் 'சம்புவராயர்' மட்டும் ஓரத்தில் நெளிந்து கிடக்கிறது. 1997-க்குப் பிறகு படித்த பிள்ளைகளுக்கு வெறும் திருவண்ணாமலை. ஏரி, புளியமரம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, நாங்கள் மூன்று மாவட்டத்தில் படித்திருக்கிறோம்.

பிப்ரவரி 9

மன்றோ காலத்துக் கணக்கில் நம் ஊர்ப் பள்ளியும் சேர்ந்திருக்கும், அப்படிப் பார்த்தால் இருநூறு வருஷம் என்று ஒருவர் கிளப்பிவிட்டிருக்கிறார். ஆசை யாரை விட்டது!

1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-இல் அதைத் தொகுத்தபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று வந்தது. நம் ஜில்லாவும் அதில் உண்டு. அதற்காக நம் ஊர்த் திண்ணையும் அந்த 12,498-இல் ஒன்று என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரி சிரிப்பார்.

திண்ணைப் பள்ளி இருந்தது உண்மை. தாத்தா அதில் உட்கார்ந்தவர். பெருமாள் கோயில் தெருவில், இப்போது செல்போன் கடை இருக்கும் வீட்டின் திண்ணை. முதலில் மணலில் விரலால் எழுத்து, அப்புறம் எண்சுவடி வாய்ப்பாடு, பொன்னை நிறுக்கும் பொன்னிலக்கம், நெல்லை அளக்கும் நெல்லிலக்கம். தாத்தாவுக்கு முக்காலும் அரைக்காலும் பெருக்குவது மூச்சு விடுவது மாதிரி; எனக்குக் கால்குலேட்டர் வேண்டும். அமாவாசை, பௌர்ணமிக்கு விடுமுறை. நவராத்திரியில் பிள்ளைகள் வில்லும் அம்புமாக வீடு வீடாகப் போய் மானம்பூப் பாட்டுப் பாடி, கிடைத்த காசையும் அரிசியையும் வாத்தியாரிடம் கொடுக்க வேண்டும். அதுதான் அவருக்குப் போனஸ். வாத்தியார் தூங்கும்போது பிரம்பு சட்டாம்பிள்ளை கையில். தாத்தாவே ஆறு மாதம் சட்டாம்பிள்ளையாக இருந்ததாகச் சொல்வார். அந்த ஆறு மாதம் அடி வாங்கியவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லாததால் சரிபார்க்க வழியில்லை.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தாத்தா 1918 வாக்கில் பிறந்தவர். ஆறு, ஏழு வயதில் திண்ணையில் உட்கார்ந்தார் என்றால் 1924, 25. அப்போதும் மணலில்தான் எழுதியிருக்கிறார். அப்படியானால் 1924-இல் தொடங்கியது எது? திண்ணை அதற்கு முன்பே இருந்தது, போர்டு ஸ்கூல் அப்போது இல்லை போலிருக்கிறது. கொஞ்சம் இடிக்கிறது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், பார்க்கிறேன்.

பிப்ரவரி 16

போய்விட்டு வந்தேன். 1924 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது.

திண்ணை வாத்தியாரின் மகன் பள்ளிக்கூடத்தை மானியப் பள்ளியாக மாற்றியிருக்கிறார். ஊரில் அவருக்கு 'மேனேஜர் வாத்தியார்' என்றே பெயர். 1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஜில்லாவுக்கு ஒரு கல்விக் குழு வைத்து, தனியார் நடத்தும் சின்னப் பள்ளிகளுக்கு அங்கீகாரமும் மானியமும் அதன் வழியாகக் கொடுத்தார்கள். அந்த அங்கீகாரம் 1924-இல் கிடைத்ததாக மேனேஜர் குடும்பம் சொல்கிறது. பேரன் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கினார். உள்ளே கொஞ்சம் நிலப் பத்திரம், ஒரு கோட்டு, இன்ஸ்பெக்டர் பார்வையிட்ட புத்தகம் ஒன்று. அதன் முதல் பக்கத்தில் 1931 என்று தேதி. அதற்கு முந்தைய காகிதம் எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. ஆக, வாய்வழியாக 1924, காகிதத்தில் 1931.

புத்தகத்தைப் புரட்டப் புரட்ட ஒரே புலம்பல். பதிவேட்டில் இத்தனை பேர், நேரில் பார்த்தால் பாதிப் பேர். தலை எண்ணித்தான் மானியம் என்பதால் பேரன் ஒரு கதை சொன்னார்: இன்ஸ்பெக்டர் செய்யாற்றிலிருந்து வண்டி கட்டிவிட்டார் என்று சேதி வந்தால், ஏரிக்குள் மாடு மேய்த்துக்கொண்டிருக்கும் பையன்களை ஓட்டிக்கொண்டு வந்து உட்கார வைப்பார்களாம். ஒரு முறை இன்ஸ்பெக்டர் ஒரு பையனை எழுப்பிப் பெயர் கேட்க, அவனுக்குப் பதிவேட்டில் என்ன பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் மேனேஜரையே பார்த்தானாம்.

இன்னொன்றையும் சிரித்துக்கொண்டே சொன்னார். உதவி வாத்தியார் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போடுவார், கைக்கு வருவது வேறு தொகை. இதில் எங்கள் ஊர் மேனேஜர் தனி ரகம் ஒன்றும் இல்லை, பல ஊர்களில் இதே கதைதான். அதைப் பேரனே சொன்னதற்காக அவரை மெச்ச வேண்டும்.

பிப்ரவரி 18

ராஜாஜி பள்ளிகளை மூடினார், எங்கள் பள்ளியும் அதில் போனதா என்று கேட்டவருக்கு. இல்லை, எங்களுடையதைப் பாதியாக்கினார்கள். 1953 ஜூனில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான் பாடம் என்றார்கள். ஒரு கூட்டம் காலையில், ஒரு கூட்டம் மதியத்தில். மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெயர் விழுந்து ஊரெல்லாம் எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், மே மாதம் திட்டத்தையே எடுத்துவிட்டார்.

அப்பா அப்போது இரண்டாம் வகுப்பு. காலைக் கூட்டம். மதியம் மாடு. "அதுக்கு முன்னயும் மதியம் மாடுதான், அந்த ஒரு வருஷம் வாத்தியார் அடிக்கல" என்பார். சட்டம் போட்டுச் செய்ததை எங்கள் வீட்டில் சட்டம் இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 23

கேட்டது ஒன்று, நான் எழுதப்போவது வேறு. சோறு பற்றி எழுதாமல் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத முடியாது.

1956-இல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு எங்கள் ஊருக்கு எந்த வருஷம் வந்தது என்று பள்ளியில் எழுதி வைக்கவில்லை. நான் சேர்ந்த 1980-இல் கோதுமை ரவையில் உப்புமா போட்டார்கள். 'கேர்' என்று எழுதிய மூட்டைகளில் வரும் அமெரிக்கக் கோதுமை. எல்லாருக்கும் கிடையாது, வாத்தியார் பார்த்து யார் ஏழை என்று குறித்தவர்களுக்கு மட்டும். எங்கள் வகுப்பில் எல்லாரும் ஏழைதான், அதனால் அவருக்குக் கஷ்டம். மேல்சட்டைப் பொத்தானை எண்ணிப் பார்த்துக் குறித்தார் என்று நாங்கள் நம்பினோம். எனக்கு மூன்று பொத்தான் இருந்ததால் உப்புமா இல்லை.

1982 ஜூலை முதல் தேதி திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். ஒரே சமயத்தில் கிராமங்கள் முழுக்க. இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை எல்லாருக்கும், குறிக்கிற வேலை இல்லை. நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் அம்மாவுக்கு அந்த மாதமே ஆயா வேலை கிடைத்தது. எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. இருபத்தெட்டு வயதில் அம்மாவை ஊரே 'ஆயா' என்று கூப்பிட ஆரம்பித்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. இன்றைக்கு எழுபத்தொரு வயதில் நியாயமான ஆயாவாகிவிட்ட பிறகும் யாராவது கூப்பிட்டால் ஒரு முறை முறைப்பார்.

முதல் நாள் சமையல் கொட்டகை கூடக் கிடையாது. புளியமரத்தடியில் மூன்று கல். பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி என்ற கணக்கில் அளந்து போட வேண்டும். அம்மாவுக்குக் கிராம் தெரியாது, படி தெரியும். அமைப்பாளர் ஒரு டம்ளரை நிறுத்துப் பார்த்து, அதில் ஆணியால் கோடு கிழித்துக் கொடுத்தார். அந்த டம்ளர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அரசாங்கச் சொத்து. கேட்டு வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அதே சமயத்தில் பல்பொடியும் கொடுத்தார்கள். ரோஸ் கலர், இனிப்பாக இருக்கும். எங்கள் வகுப்பில் ஒருத்தனும் பல் தேய்க்கவில்லை, எல்லாரும் தின்றோம். முட்டை நான் போன பிறகு, 1989-இல் வந்தது, பதினைந்து நாளுக்கு ஒன்று. தம்பி சாப்பிட்டான். இப்போதும் சொல்லிக் காட்டுவான்.

மார்ச் 1

நேற்று இங்கே ஒரு கேள்வி வந்திருக்கிறது. எழுதியவர் எங்கள் ஊர்க் காலனிக்காரர், என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில், மன்னிக்கவும், ஒரே தரையில் உட்கார்ந்தவர். "திண்ணை, மேனேஜர், மானியம் எல்லாம் சரி. உன் 1924-லும் 1931-லும் எங்க தாத்தா எங்க உக்காந்தாரு?" அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

மார்ச் 2

போனில் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

காலனியில், பழைய பெயரில் சேரியில், தனியாக ஒரு 'லேபர் ஸ்கூல்' இருந்திருக்கிறது. பெயரைக் கேட்டு ஏதோ தொழிலாளர் பள்ளி என்று நினைத்தேன். ஒடுக்கப்பட்ட சாதிகளின் காரியங்களைப் பார்க்க 1919, 20 வாக்கில் வெள்ளைக்கார அரசு ஓர் அதிகாரியைப் போட்டது, அது லேபர் டிபார்ட்மென்ட் ஆயிற்று. வீட்டுமனை, கிணறு, பள்ளிக்கூடம் இந்த மூன்றும் அதன் வேலை. பொதுப் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் சேரியிலேயே பள்ளி. பிற்பாடு ஹரிஜன நலம், ஆதி திராவிடர் நலம் என்று துறையின் பெயர் மாறியது. ஜனங்கள் வாயில் லேபர் ஸ்கூல் அப்படியே நின்றுவிட்டது, எங்கள் ஆயா வாயில் போர்டு ஸ்கூல் நின்றது மாதிரி.

கூரைக் கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. மழைக்காலத்தில் கொட்டகை விழுந்தால் அடுத்த கோடை வரை விடுமுறை. அவருடைய தாத்தா அங்கே மூன்றாவது வரை படித்தவர். அதுவும் எந்த வருஷம் தொடங்கியது என்று காகிதம் இல்லை.

என் தாத்தாவும் அவர் தாத்தாவும் ஏறக்குறைய ஒரே வயது. ஏரியில் ஒன்றாக மீன் பிடித்திருக்கிறார்கள் என்று இரண்டு வீட்டிலும் சொல்கிறார்கள்.

மார்ச் 9

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. பத்தொன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அவரே மணி அடிக்கிறார், அவரே செல்போனில் வருகைப்பதிவு ஏற்றுகிறார், நெட்வொர்க் கிடைக்காமல் புளியமரம் வரை நடக்கிறார். பழைய சேர்க்கை நீக்கப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். "கரையான் தின்ன மிச்சம்தான் இருக்கு, தும்மாம பாருங்க" என்று பீரோவைத் திறந்துவிட்டார்.

நீளவாக்கில் பெரிய புத்தகம். காலிகோ அட்டை. இடது ஓரம் முழுக்கக் கரையான் அரித்து, வரிசை எண்களில் முதல் இலக்கம் எல்லாம் போய்விட்டது. ஜில்லா போர்டு காலத்தில் ஆரம்பித்து ஒன்றியக் காலம் வரை ஒரே புத்தகம். பெயர், தகப்பன் பெயர், தொழில், சாதி, பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, காரணம். தகப்பன் தொழிலில் மேலிருந்து கீழ்வரை பயிர்த்தொழில், பயிர்த்தொழில், பயிர்த்தொழில். நடுவில் ஒரு கூத்து வாத்தியார். (தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை எங்களுக்குத் தூரமில்லை. கோடையில் எங்கள் பள்ளி வராந்தாவில்தான் கூத்துக்காரர்கள் அரிதாரம் பூசுவார்கள்.)

1962-க்கு வந்தேன். ஜூன் 11, திங்கட்கிழமை. அந்த ஒரு நாளில் இருபத்திரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே கை, ஒரே மை. தகப்பன் தொழில் இருபத்திரண்டு வரியிலும் கூலி. சாதிக் கட்டத்தில் இருபத்திரண்டு முறையும் ஒரே சொல். அதற்கு முந்தைய பக்கங்களில் அந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை. நான் மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன்.

தலைமை ஆசிரியைக்கும் ஆர்வம் வந்துவிட்டது. ஊருக்குள் இருந்த மானியப் பள்ளி போர்டு கைக்குப் போய், அப்புறம் ஒன்றியத்துக்கு வந்தது. சேரிப் பள்ளிக் கொட்டகை அதற்குள் விழுந்துவிட்டது. ஒன்றியம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரண்டு பக்கமும் அரைப் பர்லாங் இருக்கிற மாதிரி ஏரிக்கரையில் இடம் பார்த்து மங்களூர் ஓடு போட்டுக் கட்டியிருக்கிறது. இத்தனை நாள் அது ஏன் ஊரை விட்டுத் தள்ளி வெயிலில் நிற்கிறது என்று யோசித்ததே இல்லை. பொறம்போக்கு கிடைத்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி அதற்கு முன்பே யாரையும் வெளியே நிறுத்த முடியாது. 1955 தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் பள்ளிக்கூடமும் உண்டு. எங்கள் ஊருக்கு அது வந்து சேர ஏழு வருஷமும் ஒரு கட்டடமும் தேவைப்பட்டிருக்கிறது.

அதே பக்கத்தின் வலது பாதியைப் பார்த்தேன். அந்த ஜூன் மாதத்திலேயே ஒன்பது பேர் நீக்கம். காரணம்: பெற்றோர் விருப்பம். ஒன்பதும் ஊர்த்தெருப் பிள்ளைகள். ஏழாவது வரியில் எங்கள் சித்தப்பா பெயர். எட்டாவது வரியில் அத்தை பெயர், நான்காம் வகுப்பு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் எங்கள் தாத்தா.

சித்தப்பாவை மறு வருஷம் ஜனவரியில் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அத்தை பெயர் திரும்ப வரவில்லை. புத்தகம் முடியும்வரை தேடினேன்.

மார்ச் 10

பிப்ரவரி 2-ஆம் தேதி சேர்மனைக் கிண்டல் பண்ணி எழுதினேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 16

அத்தையைப் பார்க்க வந்தவாசி போயிருந்தேன். கோரைப்பாய் முடைகிற தெருவில் வாழ்க்கைப்பட்டவர். எழுபத்திரண்டு வயது. கைநாட்டு. அத்தை பள்ளிக்கூடமே போனதில்லை என்றுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நினைப்பு. பஸ் வந்தால் நிறத்தைப் பார்த்து ஏறுவார். நான் ஆறாவது படிக்கும்போது அவருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று பெருமையாக உட்கார்ந்து, இரண்டு நாளில் அலுத்துப்போய் எழுந்துவிட்டேன்.

கேட்டதும் சிரித்தார். "நாலாவது வரைக்கும் போனேன்டா. வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் வரும்."

"அப்புறம்?"

"அப்புறம் மல்லாட்ட புடுங்குற வேல இருக்குது, வேணான்னுட்டாரு உங்க தாத்தா."

ஜூனில் மல்லாட்டை (நிலக்கடலை) ஏது? எங்கள் பக்கம் ஆடி பிறந்துதான் மானாவாரி விதைப்பு. அதைச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பிறகு சிலேட்டுப் பற்றிச் சொன்னார். பலகைச் சட்டம் போட்ட கல் சிலேட்டு. பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாராம். கல்யாணமாகி வந்தபோது துணி மூட்டைக்குள் வைத்து எடுத்து வந்து, சட்டம் உளுத்துப்போன பிறகு வெறும் கல்லைக் கூழ்ப்பானைக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தார். "கனமா இருக்கும், பூன தள்ளாது."

எங்கே என்று கேட்டேன். மருமகள் எவர்சில்வர் மூடி வாங்கிய அன்றைக்குப் போய்விட்டது.

மார்ச் 17

தாத்தாவைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் கோபித்திருக்கிறார்கள், இருவரும் சொந்தக்காரர்கள். பெரியவரை இப்படிச் சந்தியில் இழுக்கலாமா என்று. அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன் நான். முக்காலையும் அரைக்காலையும் பற்றி எழுதியபோது யாரும் கோபிக்கவில்லை. அதுவும் அவர்தான், இதுவும் அவர்தான்.

காலனி நண்பர் இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த இருபத்திரண்டுல எங்க பெரியம்மா பேரு இருக்குதா?" போட்டோவைப் பார்த்தேன். பதினான்காவது வரியில் இருக்கிறது. அடுத்தவர்கள் பெயரும் அதில் இருப்பதால் இங்கே போடவில்லை, அவருக்கு மட்டும் அனுப்பினேன்.

ஏப்ரல் 13

கனமாகிவிட்டது. வேறு ஒன்று.

அந்தப் பதிவேட்டின்படி எங்கள் ஊரில் ஜூலைக்கும் மார்ச்சுக்கும் இடையில் குழந்தையே பிறப்பதில்லை. எல்லாரும் மே, ஜூன். நானும் பதிவேட்டில் மே 20. அம்மா சொல்படி நான் பிறந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் ஐந்து வயது, வாத்தியார் ஜூனிலிருந்து பின்னால் எண்ணி ஒரு தேதி போடுவார். எனக்குக் கை நீளம். ஆறு மாதம் முன்னாலேயே தொட்டுவிட்டேன். அந்த நீளக் கையால் ஆறு மாதம் முன்னாலேயே ரிட்டயர் ஆகப்போகிறேன், அதற்கு யாரைக் கேட்பது?

மே 11

1962-க்குப் பிறகு என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

1981 வரை வாத்தியார்கள் ஒன்றியத்து ஊழியர்கள். மாறுதல் வேண்டுமானாலும் வேண்டாம் என்றாலும் சேர்மன் வீட்டுத் திண்ணையில் நிற்க வேண்டும். (திண்ணை எங்களை விட்டபாடில்லை.) 1981-இல் அரசு ஊழியர்கள் ஆனார்கள், திண்ணை ஓய்ந்தது. 1987-இல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டம் என்று கொண்டுவந்தது: பள்ளிக்கு இரண்டு அறையாவது, இரண்டு ஆசிரியராவது. எங்களுக்கு இரண்டாவது அறை அப்படி வந்தது. அதுவரை ஐந்து வகுப்பும் ஒரே ஹால். ஒரு வாத்தியார் மூன்றாவதுக்குக் கணக்குப் போட்டால் ஐந்தாவது பின்பாட்டு பாடும். நான் இரண்டாவது படிக்கும்போதே நான்காவது பாடம் பாதி மனப்பாடம், அதனால் நான்காவதில் தூங்கினேன்.

2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். அந்த வாரமே அம்மாவின் சமையல் கொட்டகைக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். ஓலை வேயாத சமையலறை கட்டி முடியும்வரை வெயிலில் அடுப்பு. அம்மா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

2007-இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குச் சுற்றிலும் கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அட்டை அட்டையாகப் பாடம், அவரவர் ஏணிப்படியில் அவரவர் ஏற வேண்டும். வாத்தியாரும் தரையில் உட்கார வேண்டும் என்றதும் ஊரில் சிலர் மரியாதை போச்சு என்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது. நல்ல திட்டமா என்று கேட்டால், அண்ணன் மகள் அதில்தான் தானாகப் படிக்கக் கற்றாள். எதிர்வீட்டுப் பையன் அதே அட்டையை ஒரு வருஷம் வைத்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் மஞ்சள் வேன் வர ஆரம்பித்தது. காலை ஏழரைக்கு ஏரிக்கரையில் நின்று ஹாரன் அடிக்கும், பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. என் பிள்ளைகளும் அம்பத்தூரில் அந்த மாதிரி வேனில்தான் போனார்கள், எனவே இதில் அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து காலைச் சிற்றுண்டி. கிச்சடி நாளில் பத்தொன்பதுக்குப் பத்தொன்பது வருகிறது என்கிறார் தலைமை ஆசிரியை.

ஜூன் 15

விழா விஷயம் முடிந்துவிட்டது. தொடங்கிய ஆண்டு, ஆதாரம் என்று இரண்டு கட்டம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்ததாம். மேனேஜர் வீட்டுப் பேரன் 1924 போடச் சொன்னார், டிரங்குப் பெட்டியையே கொண்டுவருகிறேன் என்றார். காலனி நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள், நான் பிப்ரவரியில் அடித்துப் பேசியவன். 1962 போடுங்கள் என்றேன். ஊர்த்தெருவில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. தலைமை ஆசிரியை யாருக்கும் பதில் சொல்லாமல் 1962 என்று எழுதி, ஆதாரம் என்ற இடத்தில் 'கட்டட முகப்பு' என்று போட்டு அனுப்பிவிட்டார்.

நூறுக்கு இன்னும் முப்பத்தேழு வருஷம் இருக்கிறது. எனக்கு அப்போது 87, பதிவேட்டின்படி.

ஜூன் 22

கேட்கிறார்கள், அதனால்: ஆமாம், அத்தைக்கு ஒரு கல் சிலேட்டு தேடினேன். செய்யாறு கடைத்தெருவில் எல்லாம் பிளாஸ்டிக். காஞ்சிபுரத்தில் ஒரு பழைய ஸ்டேஷனரிக் கடையில் தூசி தட்டிக் கொடுத்தார்கள். வாங்கிப் போனேன். அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சின்னதா இருக்குதே, பானைக்குப் பத்தாது" என்றார். அப்புறம் பலப்பம் எங்கே என்று கேட்டார். பலப்பம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 6

ஒரு திருத்தம். எங்கள் பள்ளி மணி தண்டவாளத் துண்டு என்று எங்கள் தெருப் பையன்களிடம் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். மார்ச்சில் பதிவேடு பார்க்கப் போனபோது அதைக் கவனிக்கவில்லை. நேற்று போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தண்டவாளம் இல்லை, ஏதோ லாரியின் பிரேக் டிரம். அம்மாவிடம் காட்டினேன். 1983-இல் தண்டவாளத்தை யாரோ திருடிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம், அப்போது மாட்டியது இது. நான் நான்காம் வகுப்பு. தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.